வான்கோழிக்கு ஊர் எது?



மயில் ஆடுவதைக் கண்டு வான்கோழியும் தன் சிறகை விரித்து ஆடியது என்னும் மூதுரை உவமையை நாம் அனைவரும் கற்பித்திருக்கிறோம். கல்லாதவன் கவி சொல்ல முற்படுவதற்கு ஔவையார் காட்டிய உவமை அது. அதற்குப் படம் தேடினால், கழுத்தில் சிவந்த தாடி தொங்க, வாலை விசிறியாய் விரித்து நிற்கும் பறவையே கிடைக்கிறது. அதனை அட்டையில் ஒட்டி வகுப்பில் மாட்டுகிறோம். இங்கேதான் ஒரு சிக்கல்!

அப்பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. இற்றைக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோ நிலத்து மக்கள் அதனைப் பழக்கி வளர்த்தனர். அங்கே ஆசுடெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் அதன் பெயர் 'ஹுவேஷோலோட்டில்'. அதன் வழிவந்த 'குவாஹோலோத்தே' என்ற சொல் மெக்சிகோவில் இன்றும் வழங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இசுபானியர் அப்பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்.

இந்திய மண்ணில் அது வந்த செய்திக்கு அருமையான சான்று ஒன்று உண்டு. 1612-இல் முகலாயப் பேரரசர் சகாங்கீரின் ஆணைப்படி கோவா சென்ற முக்கரப் கான், அங்கிருந்து கொண்டுவந்த அரும்பொருள்களோடு இப்பறவையையும் அரசர்முன் வைத்தார். அரசர் வியந்து போனார். பெண்மயிலினும் பெரியது, ஆண்மயிலினும் சிறியது, மயிலைப்போல் தோகை விரித்து ஆடுகிறது, தலையும் கழுத்தும் நிறம் மாறுகின்றன என்றெல்லாம் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவர் அவையில் அதன் பெயரை அறிந்தவர் எவரும் இலர்! ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் அதன் ஓவியம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூதுரை பாடிய ஔவையாரோ சோழர் காலத்தவர், ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறார். இடையே நானூறு ஆண்டுகள் உள்ளன. எனவே, ஒன்று அப்பாடல் பிற்காலத்தில் சேர்ந்ததாதல் வேண்டும். அல்லது ஔவையார் கண்ட வான்கோழி வேறொரு பறவையாய் இருந்து, அதன் பெயர் பின்னர் இந்த வந்தேறிப் பறவைக்கு ஏறியிருத்தல் வேண்டும். நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். காரணம், உலக மொழிகள் பலவும் இப்பறவையிடம் இப்படித்தான் நடந்துகொண்டுள்ளன.

ஆங்கிலேயரைப் பாருங்கள். துருக்கி வணிகர் வழியாக வந்த ஆப்பிரிக்கக் கினிக்கோழியைத் துருக்கிக்கோழி என்றழைத்தவர்கள், அப்பெயரையே அமெரிக்கப் பறவைக்கும் சூட்டிவிட்டனர். துருக்கியரோ அதனை 'ஹிந்தி' என்கின்றனர், அதாவது இந்தியப் பறவை! பிரெஞ்சு மொழியிலும் அது 'இந்தியாவின் கோழி'தான். கொலம்பசு இந்தியா என்றெண்ணிய நிலமன்றோ அது! போர்த்துகீசியருக்கு அது 'பெரு'. டச்சுக்காரர்கள் கோழிக்கோட்டின் பெயரை வைத்துக் 'கல்கூன்' என்றனர். இந்தோனேசியாவின் 'கல்குன்' அதிலிருந்து வந்ததே.

நம் நாட்டு மலாய் வழக்கு இன்னும் சுவையானது. 'ஆயாம் பெலண்டா', அதாவது டச்சுக்கோழி. 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் பெயர், கடல் கடந்து வந்தவை பலவற்றுக்கும் அடைமொழியாகி நின்றது. முள்சீத்தாப்பழம் 'டுரியான் பெலண்டா' ஆனது. முயல்கூட 'கூச்சிங் பெலண்டா', டச்சுப் பூனை! (மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்.)

இவை எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது இசுபானிய வழக்கு. அம்மொழியில் 'பாவோ' என்பது முதலில் மயிலின் பெயர். வால் விரிப்பதைக் கண்டு புதிய பறவையையும் 'பாவோ' என்றனர். நாளடைவில் பெயர் வந்த பறவைக்கே நிலைத்துவிட, உண்மையான மயிலைப் 'பாவோ ரியால்', அரச பாவோ, என்று பிரித்துச் சொல்ல நேர்ந்தது. 1758-இல் லின்னேயசு இட்ட அறிவியல் பெயரோ 'மெலியாகிரிசு கல்லோபாவோ'. முற்சொல் கிரேக்கர் கினிக்கோழிக்கு இட்ட பெயர். பிற்சொல் சேவலும் மயிலும் சேர்ந்தது. மயிலோடு ஒப்பிடாமல் இப்பறவையை எவராலும் பார்க்க முடியவில்லை போலும்!

அப்படியானால் வகுப்பிலுள்ள படத்தைக் கழற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. உவமை இப்பறவைக்கும் பொருந்தவே செய்கிறது. படத்தின் கீழே 'இன்று வான்கோழி எனப்படும் பறவை' என்று எழுதினால் போதும். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மட்டும் 12, 16 என்னும் இரு நூற்றாண்டுகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, ஔவையார் இப்பறவையைப் பார்த்திருக்க முடியுமா என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.