ஐஸ் ஹவுஸும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜும்

சென்னையில திருவல்லிக்கேணி பக்கம் போனவங்க எல்லாருக்கும் 'ஐஸ் ஹவுஸ்' தெரியும். பஸ் ஸ்டாப் பேரு, போலீஸ் ஸ்டேஷன் பேரு எல்லாம் அதான். ஆனா அங்க ஐஸ் எங்கன்னு கேட்டா பல பேருக்குத் தெரியாது. மெரினாவைப் பார்த்துக்கிட்டு வட்டமா நிக்குற விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் ஹவுஸ். 1842-ல கட்டினது. 1897 பிப்ரவரியில விவேகானந்தர் அங்க தங்கினதால பின்னாடி பேரு மாறுச்சு. அதுக்கு முன்னாடி அது ஒரு குடோன். உள்ள இருந்த சரக்கு, அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டி!

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

பிச்சாவரம் பக்கத்துல இருக்குற எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் சரியா கூல் ஆகல. பார்க்க வந்தவர் கதவைத் திறந்தார், மூடினார், "கேஸ் போயிடுச்சு" ன்னுட்டார். மீன் கெட்டுப் போனா பரவாயில்ல, மறுநாள் முடசல்ஓடையில வேற வாங்கிக்கலாம். ஆனா அப்பாவோட இன்சுலின் அதுக்குள்ளதான் இருக்கு. பிரிக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். சூடு ஏறினா வீரியம் குறையும். குறைஞ்சது பல சமயம் கண்ணால பார்த்தாத் தெரியாது. சுகர் ஏறின பிறகுதான் தெரியும்.

நான் இருக்குறது சென்னையில. மென்பொருள்ல ஒரு பக் வந்தா எடுத்த எடுப்புல சர்வரை மாத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வருவோம். அதே மாதிரி அம்மாவுக்கு ஒரு லிஸ்ட் எழுதினேன். எழுதும்போதுதான் கவனிச்சேன், லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொரு வரியும் ஒரு சரித்திரம்.

முதல்ல அந்த அமெரிக்க ஐஸ். பாஸ்டன்காரர் ஃப்ரெடரிக் டியூடர், குளிர்காலத்துல உறைஞ்ச ஏரியை அறுத்து ஐஸை வெயில் நாட்டுக்கு விக்கலாம்னு கிளம்பினார். 1806-ல மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு. ஊரே சிரிச்சுது. கடன்ல மாட்டி ஜெயிலுக்கும் போனார். ஆனா விடல. 1833-ல 'டஸ்கனி' ங்கற கப்பல் சுமார் 180 டன் ஐஸோட கல்கத்தாவுக்குக் கிளம்புச்சு. நாலு மாசப் பயணம், நிலநடுக்கோட்டை ரெண்டு தடவை தாண்டணும். போய்ச் சேர்ந்தப்போ கிட்டத்தட்ட 100 டன் மிச்சம்! அப்புறம்தான் பம்பாய், மெட்ராஸ்னு வியாபாரம் விரிஞ்சுது. தோரோவோட 'வால்டன்' புத்தகத்துல வர்ற அந்தக் குளத்துலகூட டியூடரோட ஆட்கள் 1846-47 குளிர்காலத்துல ஐஸ் வெட்டினாங்க. அந்தத் தண்ணியை மெட்ராஸ்காரங்களும் குடிக்கிறாங்கன்னு தோரோவே எழுதி வச்சிருக்கார்.

இதுல சூட்சுமம் என்ன தெரியுமா? மரத்தூள். மர அறுப்பு மில்லுல குப்பையாக் கிடந்த மரத்தூளை ஐஸைச் சுத்தி அடைச்சாங்க. அவ்வளவுதான். குளிர்ச்சி வெளிய போறதில்லீங்க, சூடுதான் உள்ள வருது. அதைத் தடுத்தா பாதி வேலை முடிஞ்சுது. இன்னிக்கு ஃப்ரிட்ஜ் சுவத்துக்குள்ள இருக்குற ஃபோம் செய்யறதும் அந்த மரத்தூள் வேலையேதான்.

அதனால லிஸ்ட்ல முதல் வரி: கதவு ரப்பர். ஒரு காகிதத்தைக் கதவுல வச்சு மூடி இழுத்துப் பாருங்க. லூசா வந்தா அந்த இடத்துல சூடு உள்ள போகுது. இந்த ரப்பருக்குள்ள காந்தம் இருக்கே, அதுக்குப் பின்னாடி ஒரு சோகம் உண்டு. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் கதவு வெளிய இருந்து மட்டும் திறக்குற தாழ்ப்பாளோட இருக்கும். தூக்கிப் போட்ட ஃப்ரிட்ஜுக்குள்ள ஒளிஞ்சு விளையாடின குழந்தைங்க மூச்சு முட்டி இறந்தாங்க. உள்ள இருந்து தள்ளினாலும் திறக்கணும்னு 1956-ல அமெரிக்காவுல சட்டமே போட்டாங்க. காந்த ரப்பர் எல்லா வீட்டுக்கும் வந்தது அப்படித்தான்.

ரெண்டாவது வரி: பின்பக்கம். இதுக்கு மண்பானையைப் புரிஞ்சுக்கணும். பானையில கசியற தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது, மிச்சத் தண்ணி குளிருது. 18-ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்துல வில்லியம் கல்லன், ஈதரை வெற்றிடத்துல ஆவியாக்கி ஐஸே உண்டாக்கிக் காட்டினார். ஆனா ஆவியானது காத்தோட போயிடும். 1834-ல ஜேக்கப் பெர்கின்ஸ் அந்த ஆவியைப் பிடிச்சு, அமுக்கி, திரும்ப திரவமாக்கி, சுத்தி சுத்தி ஓட விடற இயந்திரத்துக்கு லண்டன்ல காப்புரிமை வாங்கினார். இன்னிக்கும் நம்ம வீட்டுல ஓடறது அதே சுழற்சிதான். இன்ஜினியரிங் முதல் வருஷம் தெர்மோடைனமிக்ஸ்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுவோமே, அதான் :-)

அப்ப உள்ள இருந்து எடுத்த சூடு எங்கயாவது போகணும் இல்லையா? அது பின்னாடி இருக்குற கம்பிச்சுருள் வழியா வெளியேறுது. (சில மாடல்ல சுருள் பக்கவாட்டுச் சுவத்துக்குள்ள இருக்கும், அதான் தொட்டா சுடும்.) சுருள்ல தூசி படிஞ்சாலோ, ஃப்ரிட்ஜைச் சுவரோட ஒட்டித் தள்ளி வச்சாலோ சூடு போக வழியில்ல. கம்ப்ரசர் மூச்சு வாங்கிக்கிட்டு ஓடிட்டே இருக்கும், உள்ள குளிராது.

மூணாவதா கேஸ். ஆரம்ப கால ஃப்ரிட்ஜ்ல ஓடினது அமோனியா, சல்பர் டை ஆக்சைடு மாதிரி விஷம். பெர்லின்ல இப்படிக் கசிஞ்சு ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படிச்சுட்டு ஐன்ஸ்டீனும் சிலார்டும் சேர்ந்து ஒரு புது மாதிரி ஃப்ரிட்ஜையே வடிவமைச்சாங்க (ஆமா, நம்ம ஐன்ஸ்டீன்தான்!). 1930-ல அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சுது, ஆனா கடைக்கு வரல. காரணம், 1928-லயே தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடிச்ச ஃப்ரியான். விஷமில்ல, தீப்பிடிக்காது. தானே இழுத்து மூச்சு விட்டு மெழுகுவர்த்தியை அணைச்சுக் காட்டினார் மனுஷன். 1974-ல மொலினாவும் ரோலண்டும் இது ஓசோனை அழிக்கும்னு எச்சரிச்சாங்க, 1985-ல அண்டார்டிகா மேல ஓட்டை தெரிஞ்சுது, 1987-ல மாண்ட்ரீல் ஒப்பந்தம். இந்தியா 1992-ல சேர்ந்துச்சு. அப்புறம் ஆர்-134ஏ வந்தது, அது பூமியைச் சூடாக்குதுன்னு இப்ப பல ஃப்ரிட்ஜ்ல ஆர்-600ஏ. அது ஐசோபியூட்டேன், நம்ம சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். அளவு சில பத்து கிராம்தான், ஆனா தீப்பிடிக்கும்.

இதுல முக்கியமான விஷயம்: கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்தி சுத்தி வருது. குறைஞ்சுதுன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் ரொப்பினா அதுவும் போயிடும். எங்க பக்கம் உப்புக்காத்துல குழாய் அரிக்க வாய்ப்பு இருக்கு, இல்லேங்கல. ஆனா அது லிஸ்ட்ல கடைசியா வர வேண்டிய வரி. அதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட், ஃப்ரீசர்ல கட்டியா நிக்குற ஐஸ், 'டக்' குன்னு ஆன் ஆகி உடனே நின்னுடற கம்ப்ரசர் (ரிலே, ஓவர்லோடு பார்க்கணும்), கரன்ட் வோல்டேஜ் எல்லாம் பார்த்தாகணும்.

எங்க வீட்டுல விடை ரெண்டாவது வரியிலயே கிடைச்சுது. தரை துடைக்க வசதியா ஃப்ரிட்ஜைச் சுவரோட தள்ளி வச்சிருந்தாங்க, பின்னாடி கம்பியில போர்வை கணக்கா தூசி. அம்மா பிளக்கைப் பிடுங்கிட்டுத் துடைச்சு, அரை அடி முன்னால இழுத்துப் போட்டாங்க. மறுநாள் காலையில நடுத்தட்டுல டம்ளர் தண்ணிக்குள்ள வச்ச தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டுச்சு. கேஸ் ரொப்புற செலவு மிச்சம்.

இவ்வளவு இருந்தும் கரன்ட் இல்லேன்னா ஒண்ணுமில்ல. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்தப்போ நான் ஸ்கூல் பையன். மாவட்டத்துல பல ஊர்ல நாள் கணக்கா கரன்ட் கிடையாது. எல்லா ஃப்ரிட்ஜும் வெறும் பீரோ. அந்த மாதிரி நேரத்துல கை கொடுக்குறது ரெண்டே விஷயம்: மூடி வச்ச கதவு, மண்பானை. பானை 8 டிகிரிக்கெல்லாம் இறங்காது, அதுவும் நம்ம கடலோர ஈரக்காத்துல இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் குளிரும். ஆனா வெளி வெயிலைவிட மேல். 200 வருஷ சரித்திரம் சுத்தி வந்து மரத்தூள்லயும் பானையிலயும் நிக்குது பாருங்க.

டிஸ்கி: இன்சுலினை ஃப்ரீசர்லயோ, ஃப்ரீசரை ஒட்டியோ வைக்காதீங்க. ஒரு தடவை உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். கதவுத் தட்டும் வேண்டாம், திறந்து மூடறப்போ சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டுதான் சரி. அப்புறம், ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால குத்தாதீங்க. அப்ப நிஜமாவே கேஸ் போயிடும்!