ஒப்பும் பொருத்தமும்: இல்லற இன்பம் குறித்த தமிழ் மரபில் ஒரு திரிபு

கணவன் மனைவியரின் கூட்டத்து இன்பம் அவர்தம் இயைபைப் பொறுத்தது என்னும் கருத்து இக்கால உளவியலார் முதன்முதலிற் கண்டதன்று. அதனைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. எனினும் அவ்விலக்கணம் எவ்விடத்து வைக்கப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது.

தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய பத்து ஒப்புகள் திருமணச் சடங்கைப் பேசும் கற்பியலில் இடம்பெறவில்லை. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுமாற்றைக் கூறும் மெய்ப்பாட்டியலின் இறுதிப் பகுதியில் இடம்பெறுகின்றன. எனவே ஒப்பு என்பது மண ஒப்பந்தத்திற்குரிய தகுதி மட்டுமன்று, இன்பத்திற்குரிய அடிப்படையுமாம் எனக் கொள்ளலாம். பிறப்பு, குடிமை, திரு ஆகியன குடும்பத்தார் பார்ப்பன. ஆண்டும் உருவும் கண்ணாற் காணத்தக்கன. நிறை, அருள், உணர்வு ஆகியனவோ இருவரும் பழகியே அறியத்தக்கன. இவற்றோடு காமவாயில் என ஒன்று வெளிப்படையாகவே எண்ணப்படுகிறது. ஒருவர்மாட்டு ஒருவர்க்கு நிகழும் அன்பே அது என்பது இளம்பூரணர் கருத்து. திரு என்பதற்கு அவர் செல்வம் எனப் பொருள் கொள்ள, பேராசிரியர் அதனை உள்ளத்து நிகழ்ச்சியாகக் கொள்கிறார். ஒரு சொல்லின் பொருளிலேயே வீட்டார் கணக்கும் காதலர் கணக்கும் மோதுவதை இங்குக் காணலாம்.

இவ்வொப்பு முழுமையானதன்று என்பதையும் மறைத்தல் கூடாது. தலைவன் மிக்கோனாயினும் நீக்கப்படான் எனக் களவியல் விலக்களிக்கிறது. தலைவிக்கு அவ்விலக்கு இல்லை.

பத்து ஒப்பினைப் பெரிதும் எடுத்துக்காட்டுவோர் அதனை அடுத்து நிற்கும் நூற்பாவைப் பெரும்பாலும் கடந்து செல்கின்றனர். இருவரிடத்தும் இருத்தலாகாதன அதில் எண்ணப்படுகின்றன. கொடுமை, வன்சொல், பொச்சாப்பு, மடிமை, மறப்பு எனவரும் அப்பட்டியல் ஏறக்குறைய அன்றாட இல்வாழ்க்கையின் குறைகளைத் தொகுத்தாற்போல் உள்ளது. வியப்பிற்குரியது யாதெனில், முன்னைய நூற்பாவில் வேண்டப்பட்ட குடிமை இங்கு விலக்கப்படுவதேயாகும். குலத்தாலும் குடிப்பிறப்பாலும் தம்மை மதித்து இன்புறுதல் என இளம்பூரணர் இதனை விளக்குவர். குடி ஒத்திருத்தல் வேண்டும்; குடிச்செருக்கு கூடாது. அவ்வாறே ஒப்பு வேண்டப்பட, ஒப்புமை விலக்கப்படுகிறது: காதலிக்கப்பட்டாரைப் போன்ற பிறரைக் கண்டவிடத்து அவர்பால் மனம் செல்லுதல் அது. பத்து ஒப்பினை அகமணத்திற்குச் சான்றாக மட்டும் காட்டுவோர் இவ்விரு நூற்பாக்களையும் சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது.

திருக்குறள் இச்சிந்தனையை வேறொரு திசையிற் கொண்டு செல்கிறது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் கற்பியலுக்குரியவை 18. அவற்றுள் இறுதி மூன்றும் ஊடல் பற்றியன. ஒத்த அன்பினர்க்கும் இன்பம் தானே நிலைத்துவிடுவதில்லை. பிணக்கும் அதன் அளவும் அறிந்து பேணப்படவேண்டியது என்பது வள்ளுவர் துணிபு. ஊடலின் அளவுக்கு அவர் உப்பை உவமையாக்கியமை சமையலறை அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும்.

பிற்காலத்தே பெருவழக்குற்ற சோதிடப் பொருத்தமும் பத்தேயாகும். தொல்காப்பியப் பத்திலிருந்து இது தோன்றியது எனக் கூறச் சான்றில்லை. எண் ஒற்றுமை கொண்டு தொடர்பு கற்பித்தல் முறையுமன்று. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் மரபில் நேர்ந்த மாற்றம் புலப்படும். கூட்டத்து இன்பத்திற்கெனவே யோனிப் பொருத்தம் பார்க்கப்படுகிறது. விண்மீன்கள் பதினான்கு விலங்குகளுக்குப் பகுக்கப்பெற்று, அசுவினியும் சதயமும் குதிரையாகவும், பரணியும் ரேவதியும் யானையாகவும் கொள்ளப்படுகின்றன. எலியும் பூனையும் பகை. பாம்பும் கீரியும் பகை. வடநாட்டு முறையிலும் மொத்தம் 36 புள்ளிகளுள் 4 இதற்கு உரியன. குணத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் கணப் பொருத்தமும் பிறந்த விண்மீனைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பழகி அறியவேண்டிய நிறையும் அருளும் உணர்வும் இவ்வாறு பார்க்கும் பொருளல்லாதனவாயின. குடிமை மட்டும், சாதகம் கைமாறுவதற்கு முன்னரே பார்த்து முடிக்கப்படுகிறது.