வழக்குரைத்த தெய்வமும் வன்னி மகளிரும்: பெண்காப்புச் சட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் தன்னிடத்து வலிகுன்றியோரை எவ்வாறு காக்கின்றது என்பது அதன் ஆட்சிமுறையை அளத்தற்குரிய கோல்களுள் முதன்மையானதாகும். முறை செய்தலும் குறை கேட்டலும் அரசின் கடன்களெனத் தமிழர் அரசியற் சிந்தனை இணைத்தே பேசி வந்துள்ளது. ஆயின், குறையுடையார் அரசவாயிலை அடையும் வழி எத்தகையது என்பதும் அவ்வளவிற்கு இன்றியமையாத வினாவாகும். வாயிற்காவலனிடம் தன் வரவை உரைத்து, அவை புகுந்து, சான்று காட்டி, அரசனையே குற்றவாளியாக்கிய ஒரு பெண்ணைத் தெய்வமாகக் கொண்ட ஊர் ஒன்று ஈழத்தின் வடபால் உள்ளது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலின் மேலைக் கரையில் அமைந்த வற்றாப்பளையே அவ்வூர். பெண்டிரையும் ஏனைய வலிகுன்றியோரையும் காத்தற்கென இலங்கையில் எழுந்த சட்டங்களின் வரலாற்றையும், அவை இவ்வூரைச் சூழ்ந்த வன்னி நிலத்தைச் சென்றடைந்த முறையையும் நோக்குதல் இக்கட்டுரையின் பொருளாகும்.

தெய்வமும் ஊரும்

கண்ணகி வழிபாடு ஈழத்திற்கு வந்த வரலாறு கயவாகு மன்னனோடு தொடர்புபடுத்திக் கூறப்படுகின்றது. சிலப்பதிகாரம் குறிப்பிடும் கயவாகுவைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவாக ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வமாகவும், மட்டக்களப்பிலும் வன்னியிலும் கண்ணகி அம்மனாகவும் இவ்வழிபாடு நிலைபெற்றது. மதுரையை எரித்துச் சினத்துடன் வந்த கண்ணகி ஈழத்திற் பல இடங்களில் தங்கியதாகவும், பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளை என மருவியதாகவும் மரபுரை கூறும்.

அம்மரபுரையில் வரும் மற்றொரு செய்தி ஈண்டு கருதத்தக்கது. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்முன் ஒரு மூதாட்டி தோன்றிப் பசிக்கு உணவும் தங்க நிழலும் கேட்டாள். சிறுவர் வேப்பிலையாற் பந்தலிட்டுப் பொங்கல் சமைத்துக் கொடுத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லையென அவர்கள் கூற, கடல்நீரை வார்த்துத் திரியை ஏற்றுமாறு அவள் பணித்தாள்; விளக்கும் எரிந்தது. தன் தலையைப் பார்க்குமாறு அவள் கேட்டபோது தலையெங்கும் கண்களைக் கண்டு சிறுவர் அஞ்சினர், மூதாட்டி மறைந்தாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடல்நீர் எடுத்துவரப்பட்டு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்நீரில் விளக்கெரிக்கப்படுகின்றது.

இக்கதையின் சமூக உள்ளடக்கம் தெளிவானது. உறவும் உடைமையும் அற்ற ஒரு முதியவளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தல் வழிபாட்டின் தொடக்கமாகின்றது. வன்னியிற் 'சிலம்பு கூறல்' எனவும் மட்டக்களப்பிற் 'கண்ணகி வழக்குரை' எனவும் வழங்கும் நூல்களோ அநீதியை எதிர்த்து அவையேறிய பெண்ணின் கதையைக் கூறுகின்றன. காப்பு, நீதி என்னும் இரண்டையும் இவ்வழிபாடு ஒருங்கே கொண்டுள்ளது எனலாம். ஆயினும், வழிபாட்டிற் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட உயர்வு, வாழ்க்கையில் அவளுக்கு உரிமையாக மாறியதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்குச் சொத்துரிமையை நோக்குதல் வேண்டும்.

தேசவழமையும் மனைவியின் கையொப்பமும்

வடபுலத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்த அலுவலரான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் இத்தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்த இம்மரபு, மகளுக்குச் சீதனமாக நிலம் அளித்த வகையிற் பெண்ணுக்கு ஒரு பொருளியல் அடித்தளத்தை வழங்கியது. ஆயினும், அந்நிலத்தை ஆளும் அதிகாரம் கணவனிடமே இருந்தது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இந்நிலையை ஓரளவே மாற்றியது. மணமான பெண் தனக்குரிய அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, அவன் இருப்பிடம் அறியப்படாவிட்டாலோ, அவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை அவள் நாடலாம். 1923இல் வந்த மணமான பெண்டிர் சொத்துக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்திற்குட்பட்ட பெண்களை இத்தகைய தடையிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்டிர் அவ்விடுதலைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இது வெறும் சொத்துப் பிரச்சினையன்று. அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டு நீங்க விரும்பும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது தனித்து வாழ்தற்குரிய பொருள். தன் பெயரிலுள்ள நிலத்தையே அவனது கையொப்பமின்றி விற்க இயலாதவள், அவனுக்கு எதிராக முறையிடத் துணிதல் அரிது. வன்முறைக்கும் உடைமைக்கும் உள்ள இவ்வுறவைத் தண்டனைச் சட்டம் மட்டும் தீர்த்துவிட இயலாது.

குற்றச் சட்டத்தின் மெல்லிய மாற்றம்

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் இலங்கைக் குற்றச் சட்டத்தின் அடிப்படையாக உள்ளது. பெண்ணின் உடல்மீதான வன்முறையை அது குற்றமாக்கியபோதிலும், வீட்டினுள் நிகழும் கொடுமை தனியொரு பிரச்சினையாக அதன் ஆக்கியோர்க்குத் தோன்றவில்லை. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் கைவிடப்பட்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் பணம் பெறும் வழியைத் திறந்தது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை பெண்களை அரசியற் குடிகளாக்கியது. ஆயினும், சட்டக்கோவையின் நோக்கு அரை நூற்றாண்டிற்கு மேலும் மாறாதிருந்தது.

மாற்றத்தின் தொடக்கத்தை 1970களின் பிற்பகுதியிற் காண்கின்றோம். 1975ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக மகளிர் ஆண்டாக அறிவித்தது. 1978இல் இலங்கை அரசு மகளிர் பணியகத்தை நிறுவியது. பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழித்தற்கான உடன்படிக்கையை 1981இல் ஏற்றது. 1993இல் மகளிர் சாசனத்தை அமைச்சரவை அங்கீகரித்தது. கொள்கைப் பிரகடனமாகிய அச்சாசனம், வழக்காடுதற்குரிய உரிமை எதனையும் தானாக வழங்கவில்லை.

சட்டக்கோவையின் பெருந்திருத்தம் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் நிகழ்ந்தது. பாலியற் தொல்லை தனிக் குற்றமாயிற்று. சம்மத வயது பதினாறாயிற்று. காவலில் உள்ள பெண்ணை அதிகாரி வன்புணர்தல், கூட்டு வன்புணர்ச்சி ஆகியவற்றுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உடலிற் காயங்கள் இல்லாமை பெண்ணின் சம்மதத்தைக் காட்டாது என்பதும் தெளிவாக்கப்பட்டது. ஆயின், நீதிமன்றத்தாற் பிரித்து வைக்கப்படாத கணவன் இக்குற்றத்திலிருந்து விலக்கப்பட்டான். வீட்டு வாயிலிற் சட்டம் தயங்கி நின்றது என்பதற்கு இவ்விலக்கே சான்றாகும்.

ஏனைய வலிகுன்றியோர் பொருட்டும் இக்காலத்திற் சட்டங்கள் எழுந்தன. 1996இல் வலுவிழந்தோர் உரிமைச் சட்டமும், 1998இற் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டமும், 2000இல் முதியோர் உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. தம்மைப் பேண இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்பது முதியோர் சட்டத்தின் விதிகளுள் ஒன்று.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்வரிசையிற் குறிப்பிடத்தக்கது. இச்சட்டம் புதிய குற்றம் ஒன்றைப் படைக்கவில்லை. பாதுகாப்புக் கட்டளை என்னும் பரிகாரத்தைப் படைத்தது. துன்புறுவோரோ, அவர் சார்பிற் பொலிஸ் அலுவலரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். நீதவான் உடனடியாக இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் பன்னிரு மாதம் வரையிலான கட்டளையும் வழங்கலாம். துன்புறுத்துவோன் வீட்டிற்குள் நுழைவதையும் தொடர்பு கொள்வதையும் கட்டளை தடுக்கும். அதனை மீறுவோன் ஓராண்டு வரை சிறைப்படலாம். மனைவி மட்டுமன்றித் தாய், பாட்டி, பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரும் இதன் காப்பிற்குள் அடங்குவர். உடற் காயத்துடன் உளத் துன்புறுத்தலையும் வன்முறையெனக் கொண்டமை இச்சட்டத்தின் சிறப்பாகும்.

சட்டம் செல்லாத நிலம்

இச்சட்டங்கள் கொழும்பிற் பிறந்த காலத்தில் வன்னியின் நிலை யாது? 1995ஆம் ஆண்டுத் திருத்தம் நிறைவேறி ஓராண்டு முடியுமுன், 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 சனவரியில் அரச படைகள் அந்நகரைக் கைப்பற்றும் வரை அப்பகுதி புலிகளின் ஆட்சியில் இருந்தது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிய 2005இல் வற்றாப்பளைப் பெண்ணொருத்தி நாடக்கூடிய அரச நீதவான் அவ்வூரில் இல்லை. புலிகள் தமக்கெனக் காவற்றுறையையும் நீதிமன்றங்களையும் சட்டக்கோவையையும் அமைத்தனர். சீதன முறையைக் கட்டுப்படுத்தவும் பெண்ணின் சொத்துரிமையை விரிக்கவும் முயன்றனர். அதே ஆட்சியிற் பதினெட்டு வயது நிரம்பாத சிறுமியரும் போருக்குச் சேர்க்கப்பட்டனர் என்பதையும் வரலாறு மறைத்தல் இயலாது.

அரசின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலும் முறையிடச் செல்லும் வழி அச்சம் நிறைந்ததாகவே இருந்தது. 1996 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச் சாவடியிற் பாடசாலை மாணவி ஒருவர் தடுத்து வைக்கப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 யூலையிற் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் காணப்பட்ட பாதுகாப்புப் படையினர்க்கு மரணதண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தமை ஒரு செய்தி. மகள் எங்கே எனக் கேட்டுச் சாவடிக்குச் சென்ற தாய் மீளவில்லை என்பது மற்றொன்று. வாயிற்காவலனே கொலையாளியாகும்போது வழக்குரைக்கும் மரபு அவ்வாயிலிலேயே மாய்கின்றது.

2009 மே மாதத்தில் நந்திக்கடலின் மறுகரையாகிய முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. எஞ்சிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீண்டு வந்தோருட் கணவரை இழந்தோரும், கணவர் காணாமலாக்கப்பட்டோரும் பெருந்தொகையினர். ஈண்டு 1911ஆம் ஆண்டுச் சட்டம் புதுவடிவிற் குறுக்கிட்டது. கணவன் இறந்தான் எனச் சான்று பெறுதற்கு மனம் ஒவ்வாதவள், சட்டத்தின் முன் மனைவியாகவே நின்றாள். தன் சீதன நிலத்தை ஈடுவைத்துப் பிள்ளைகளைக் காக்கவும் அவள் நீதிமன்ற அனுமதியை நாட வேண்டியவளானாள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோர்க்கு மரணச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. பெண்கள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அச்சான்றிதழைப் பெறுதல் தேடலைக் கைவிடுதலாகும் என அவர்கள் கருதினர். 2016இல் வந்த திருத்தம், இறந்தார் எனக் கூறாது காணப்படவில்லை என மட்டும் கூறும் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அரசின் கொள்கை பெண்களின் மறுப்பிற்குச் செவிசாய்த்த அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம். 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் அத்தாய்மாரும் மனைவியரும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கையில் நிழற்படம் ஏந்தித் தெருவோரக் கொட்டிலில் அமர்ந்த அவர்கள் வினவியதும் சிலம்பு ஏந்தியவள் வினவியதும் ஒன்றே.

கொள்கையும் நடைமுறையும்

அண்மைக் காலத்திற் கொள்கைகள் குறைவின்றி எழுந்துள்ளன. பால்நிலை வன்முறையை எதிர்கொள்ளும் தேசியத் திட்டம் 2016 முதல் 2020 வரையிலான காலத்திற்கும், பெண் தலைமைக் குடும்பங்களுக்கான திட்டம் 2017 முதல் 2019 வரையிலான காலத்திற்கும் வகுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இற் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் மகளிர் தேசிய ஆணைக்குழுவிற்குச் சட்ட அடிப்படை அளித்தது.

ஆயினும், 2019இற் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய முறையில் நடத்திய ஆய்வில், துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணைவராலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானமை வெளியாயிற்று. துணைவரின் பாலியல் வன்முறைக்கு உள்ளானோரில் ஏறத்தாழ அரைப்பங்கினர் எந்நிறுவனத்தின் உதவியையும் நாடவில்லை. நாணமும், பழி தம்மேல் விழும் என்னும் அச்சமும் அவர்களைத் தடுத்தன. முறையிடச் சென்றோரும் இணக்கசபைக்கு அனுப்பப்பட்டுக் கணவனோடு சேர்ந்து வாழுமாறு அறிவுறுத்தப்படுதல் உண்டு. தமிழ் அறியாத அலுவலர் நிறைந்த பொலிஸ் நிலையத்தில், தன் உடலுக்கு நேர்ந்ததை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கூறவேண்டிய பெண்ணின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகின்றது. இலங்கையில் இல்லாதது சட்டமன்று. சட்டத்தின் முன் சென்று நிற்பதற்குரிய வழியே. அவ்வழி தமிழ் பேசும் பெண் அலுவலராலும், கட்டணமின்றிக் கிடைக்கும் சட்ட உதவியாலும், தப்பி வந்தவள் அஞ்சாது தங்கும் இல்லத்தாலும், தன் நிலத்தைத் தானே ஆளும் உரிமையாலும் அமைவதாகும். தேசவழமையின் கையொப்ப விதியைத் திருத்துதல் மரபைச் சிதைப்பதாகும் எனக் கூறுவோர், அம்மரபின் தலைமைத் தெய்வம் எவருடைய சம்மதத்தையும் கேளாது அவையேறியவள் என்பதை எண்ணுதல் தகும்.

வைகாசி தோறும் நந்திக்கடலோரத்திற் பல்லாயிரவர் கூடுகின்றனர். நிழல் கேட்ட மூதாட்டிக்குப் பந்தலிட்ட சிறுவரிடம் சட்டநூல் எதுவும் இருந்ததில்லை. கேட்டவளின் சொல்லை அவர்கள் நம்பினர். வழக்குரைக்க வருபவளின் சொல்லை முதலில் நம்பிக் கேட்டலே நீதியின் தொடக்கம். அதனை அரசும் ஊரும் கற்றுக்கொள்ளும் வரை, இச்சட்டங்கள் எண்ணெய் வார்க்கப்படாத விளக்குகளாகவே இருக்கும்.