எம். பி. சீனிவாசன்

எம். பி. சீனிவாசன் (19 செப்டம்பர் 1925 – 9 மார்ச் 1988) திரைப்பட இசையமைப்பாளர், சேர்ந்திசை நடத்துநர், தொழிற்சங்கவாதி. 'எம்.பி.எஸ்.' என்றால் மலையாளிகளுக்கு உடனே தெரியும். தமிழர்களுக்குப் பாட்டைப் பாடிக் காட்டினால்தான் தெரியும். பிறந்தது சித்தூர். பெயரின் முதல் எழுத்து மானாமதுரையைக் குறிக்கிறது.

இளமையிலேயே இடதுசாரி இயக்கத்துக்குள் வந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா அவருடைய இசைப்பள்ளி. மனைவி சாகிதா, 1952இல் ஸ்டாலின் அமைதிப் பரிசு பெற்ற சைபுதீன் கிச்சுலுவின் மகள்.

1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' தோழர்கள் கூடி எடுத்த படம். இயக்கியவர் நிமாய் கோஷ்; இவருடைய வங்கப் படமான 'சின்னமூல்' சோவியத் இயக்குநர் புதோவ்கினைக் கவர்ந்து ருஷ்யத் திரையரங்குகள்வரை போனது. தமிழ்ப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஓடவில்லை. ஆனால் ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே', கே.சி.எஸ். அருணாசலம் எழுதிய 'சின்னச் சின்ன மூக்குத்தியாம்' இரண்டும் படத்தை விட்டுப் பிரிந்து தனியாக வாழத் தொடங்கின. முதல் பாட்டில் பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் குரலை உயர்த்தாமலே பாடுகிறார்கள். அக்காலத்து ஆர்ப்பாட்டமான வாத்திய முழக்கத்துக்கு நடுவே அந்த அடக்கம் துணிச்சல்தான். போராட்டப் படத்தின் பாட்டு இப்படியும் இருக்கலாம் என்பதை அது காட்டியது.

தமிழில் பிறகு வாய்த்தவை சொற்பம். 'மதன மாளிகை' (1976) அவற்றுள் ஒன்று. மலையாளம் அவரை வாரி அணைத்துக்கொண்டது. யேசுதாஸின் முதல் திரைப்பாடல், 'கால்பாடுகள்' படத்துக்காக 1961 நவம்பரில் இவர் இசையில் பதிவானது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்' ஆகியவற்றுக்கும் இவரே இசை. ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்தில் கழுதையை வளர்க்கும் பேராசிரியராக நடித்தும் இருக்கிறார்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களின் உரிமைக்காகச் சினிமா இசைக்கலைஞர் சங்கத்தைக் கட்டியதில் முதன்மைப் பங்கு இவருடையது. படங்களுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தைச் சங்கமும் சேர்ந்திசையும் எடுத்துக்கொண்டன. 1970களின் தொடக்கத்தில் உருவான சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவுக்காக இவர் செய்த பாரதி பாடல்களே, என் கணிப்பில், இவருடைய பெரிய சாதனை. ஒற்றை மெட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுவதுதான் நம் வழக்கம். இவரோ குரல்களைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒன்றோடொன்று உரசவிட்டார். அப்படியும் பாரதியின் சொல் சிதையவில்லை.

லட்சத்தீவில் காலமானார். இன்று திருவனந்தபுரத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தமிழில், பழைய பாட்டுக்கு யார் இசை என்று யாராவது தேடும்போதுதான் அந்தப் பெயர் எட்டிப் பார்க்கிறது.