தொட்டிக் காளான்கள்

பூந்தொட்டிகளில் யாரும் விதையாமலே முளைத்து, சில தினங்களில் மறைந்துவிடும் குடைக்காளான்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. வட சென்னையில், இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கரையோரப் பிரதேசத்தில், தோட்டம் போட நிலமில்லாத வீட்டார் மொட்டை மாடியில் மண்தொட்டியிலும் பெயின்ட் டப்பாவிலும் துளசியும் கற்பூரவல்லியும் வளர்ப்பது வழக்கமாதலால், ஐப்பசி, கார்த்திகை மழையும் கடற்காற்றின் ஈரமும் சேரும் பருவத்தில் இவை அங்கே சாதாரணமாகத் தலைகாட்டுகின்றன. தொட்டிக்கு இடும் தென்னை நார்க்கழிவு, சாண எரு, இலைமட்கு ஆகியவற்றோடு பூசண இழைகளும் வந்து சேர்கின்றன. அவை மட்கும் பொருளையே உண்டு வாழ்வனவாகையால் செடிக்குத் தீங்கில்லை. பூசணக்கொல்லி தெளிப்பது வீண் செலவே.

இவற்றுள் பிரசித்தமானது லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி என்னும் மஞ்சள் காளான். முட்டை வடிவ மொட்டாகத் தோன்றி, ஓரிரு தினங்களில் இரண்டு அங்குல அகலத்திற்குக் குடை விரிக்கும் இதன் குடை, தண்டு, அடித்தகடுகள் யாவும் மஞ்சள் வர்ணமே. குடையின் ஓரத்தில் நுண்ணிய வரிகளும், மேலே விரல் பட்டால் உதிரும் மாவு போன்ற செதில்களும், தண்டில் எளிதில் கழன்றுவிடும் மெல்லிய வளையமும் உண்டு. உஷ்ணப் பிரதேசத்துக்குரிய இக்காளான் ஐரோப்பாவில் செடிகளுக்கான கண்ணாடி மனைகளில்தான் முதலில் அறியப்பட்டது. அங்கே பிராக் நகரில் இதைக் கண்ட பிர்ன்பாம் என்னும் தோட்ட அதிகாரியின் பெயரையே 1839-ல் கார்டா என்னும் பூசண நிபுணர் இதற்குச் சூட்டினார்.

சாண எரு மிகுந்த தொட்டியில் காலையில் சாம்பல் நிற மணிபோல் நின்று, மாலைக்குள் கரிய மையாய்க் கரைந்தொழுகுவது மைக்காளான். புல்தரைகளில் மிகுதியாகவும் பெரிய தொட்டிகளில் எப்போதேனும் காணப்படும் குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்பதே அபாயகரமானது. வெண்குடையில் பழுப்புச் செதில்களுடன் உண்ணத்தக்கது போலவே தோன்றும் இதனை உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும்.

வர்ணத்தையும் வடிவத்தையும் மட்டும் நம்பி முடிவு செய்வது விவேகமன்று. வித்துத்தூளின் நிறமே சிறந்த ஆதாரம். தண்டை நீக்கிய குடையை வெள்ளைத் தாளின்மீது கவிழ்த்து, டம்ளரால் மூடி ஓர் இரவு வைத்தால் தூள் படியும். மைக்காளானுக்குக் கறுப்பும், குளோரோபில்லத்திற்குப் பச்சையும் படியக் காணலாம். மஞ்சள் காளானின் தூள் வெண்மையாதலால் அதற்குக் கறுப்புத் தாளே ஏற்றது. இதற்கு மேற்பட்ட இன நிர்ணயத்திற்கு நுண்ணோக்கி வேண்டும்; சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜனும் ராமனும் 1983-ல் வெளியிட்ட தென்னிந்தியக் காளான் நூல் அவ்வகை ஆராய்ச்சியின் பயனாகும்.

வெள்ளிக் காசு கறுத்தால்தான் விஷம், பூச்சி தின்றால் நல்லது என்பன போன்ற பரீட்சைகள் முற்றிலும் பொய். தொட்டியில் முளைத்த எதனையும் உண்ணலாகாது; குழந்தை வாயில் இட்டுவிட்டால், எஞ்சிய காளானை மண்ணோடு பெயர்த்து ஒரு காகிதப் பொட்டலத்தில் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குச் செல்க.