பக்கிங்ஹாம் கால்வாயும் செங்கல் பாலங்களும்

திண்டிவனத்தில் இருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளங்கள். அவற்றின் பக்கத்தில் அமைதியாகக் கிடக்கும் நீரை ஏதோ உப்பங்கழி என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் அதிகம். ஆனால் அது மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டிய ஒரு நெடுஞ்சாலை... தண்ணீர் நெடுஞ்சாலை! அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

1806ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டினார். 1837ல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக் கொண்டது. பிறகு வடக்கே ஆந்திராவுக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் சிறிது சிறிதாக நீண்டது. இன்றைய கணக்கில் மொத்தம் சுமார் 420 கி.மீ. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 163 கி.மீ.

1876ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் இறந்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு. 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக, அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. அவர் பெயரே கால்வாய்க்கும் வந்தது.

ஆனால் நிவாரணக் கூலி எவ்வளவு தெரியுமா? 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தது, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நாள் முழுவதும் மண் சுமப்பவருக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அதன் பிறகுதான் தானியம் சுமார் 570 கிராமாக உயர்ந்து, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. செலவைச் சுருக்கப் போட்ட கணக்கில் மனித உயிர் விடுபட்டுப் போனது!

சரி, பாலங்கள் எதற்கு? கால்வாய் கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. அதனால் கடலோரக் குப்பங்கள் ஒரு பக்கம், வயலும் சந்தையும் மறுபக்கம் என்று பிரிந்து போயின. கடக்க வழி வேண்டும், அதே சமயம் கீழே படகும் போக வேண்டும். இரண்டுக்கும் ஏற்றது செங்கல் வளைவுப் பாலம். செங்கல் இழுத்தால் பிளக்கும், அமுக்கினால் தாங்கும். வளைவில் அடுக்கும்போது மேலே போகும் வண்டியின் பாரம் ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு நெருக்கி, இரு கரைக்கும் இறங்கி விடுகிறது. இரும்புக் கம்பி இல்லாமலே பாலம் நிற்பதன் ரகசியம் இதுதான்.

உப்பு, விறகு, நெல் எல்லாம் படகில் போயின. காற்று இல்லாத நேரத்தில் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். பாரதிதாசன் "மாவலிபுரச் செலவு" என்ற கவிதையில் பாடியது இந்தக் கால்வாய்ப் பயணத்தைத்தான்.

திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் வந்தது. பின்னர் லாரிகள் வந்தன. 1960களின் புயல்களும் கால்வாயைத் தூர்த்தன. சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டன. ஆனாலும் 2004 சுனாமியில் பல இடங்களில் உள்ளே பாய்ந்த தண்ணீரை வாங்கிக் கொண்டு ஊர்களைக் காத்தது இதே கால்வாய்தான். 2008ல் இது தேசிய நீர்வழி 4ன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அருகில் உள்ள கழுவேலி 2024ல் ராம்சர் தலமானது.

ஏரிக்கும் பறவைக்கும் பாதுகாப்பு கிடைத்தது நல்ல செய்தி. பழைய செங்கல் பாலங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமே! பிரபுவின் பெயர் கால்வாயில் இருக்கிறது. அரை வயிற்றோடு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் காலத்துச் செங்கல்லாவது மிஞ்சட்டும்.