கண் வளர்ச்சிக் குறைபாடும் வளர்ச்சி ஹார்மோன் பற்றாக்குறையும்: ஓடிஎக்ஸ்2 மரபணு மாற்றம்

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணோ இரு கண்களுமோ மிகச் சிறியனவாக இருக்கும். இந்நிலை மைக்ரோஃப்தால்மியா எனப்படும். கண் உருவாகாமலே இருப்பது அனாஃப்தால்மியா எனப்படும். இக்குழந்தைகளுள் சிலருக்கு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. கண்ணின் குறைபாடு பெரும்பாலும் பிறந்தவுடன் தெரியும். சுரப்பியின் குறைபாடு வெளியே தெரியாது. எனவே, கண் பரிசோதனையுடன் ஹார்மோன் பரிசோதனையும் அவசியம்.

காரணம் என்ன?

கண்ணும் பிட்யூட்டரி சுரப்பியும் கருவின் தொடக்க வாரங்களில் உருவாகத் தொடங்குகின்றன. 14ஆம் குரோமோசோமிலுள்ள ஓடிஎக்ஸ்2 மரபணு, இவ்விரண்டின் வளர்ச்சியையும் வழிநடத்துகிறது. இம்மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதுபட்டாலே பாதிப்பு ஏற்படலாம். ஒரே குடும்பத்திலும் பாதிப்பின் அளவு வேறுபடும். சாக்ஸ்2, ஹெஸ்எக்ஸ்1 ஆகிய மரபணுக்களின் மாற்றங்களும் கண்ணையும் இச்சுரப்பியையும் பாதிக்கக்கூடும்.

தாய் உண்ட உணவோ, செய்த வேலையோ, கிரகணமோ இம்மரபணு மாற்றத்திற்குக் காரணமல்ல.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பிறந்த குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை குறைதல், நீடித்த மஞ்சள் காமாலை
• ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருத்தல்
• ஒத்த வயதுக் குழந்தைகளைவிட உயரம் மெதுவாகக் கூடுதல்

பிறக்கும்போது உயரமும் எடையும் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே, உயரத்தைத் தொடர்ந்து அளந்து வளர்ச்சி அட்டையில் பதிவு செய்தல் வேண்டும்.

பரிசோதனைகள்

இரத்தத்தில் தைராய்டு, கார்டிசால் ஹார்மோன்களின் அளவுகள் பார்க்கப்படும். தேவையெனில், வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தூண்டி அளக்கும் சோதனையும், மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்யப்படும். மரபணு மாற்றம் இரத்தப் பரிசோதனையால் கண்டறியப்படுகிறது. முதல் சோதனையில் ஹார்மோன்கள் இயல்பாக இருப்பினும், குறைபாடு பின்னர் தோன்றலாம். மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை

வளர்ச்சி ஹார்மோன் பொதுவாக நாள்தோறும் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. இது உயரம் கூட உதவும், பார்வையை மேம்படுத்தாது. கண்குழியும் முகமும் சீராக வளர, குழந்தைப் பருவத்திலேயே கண்குழியில் பொருத்தும் சாதனங்கள் பயன்படுகின்றன. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கு மறுவாழ்வுப் பயிற்சியை விரைவில் தொடங்குவது நல்லது.

கார்டிசால் குறைபாடு இருந்தால்

இது உயிருக்கு ஆபத்தானது. ஸ்டீராய்டு மருந்தை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்கான அறிவுரையை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். தொடர் வாந்தி, மிகுந்த சோர்வு, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தோன்றினால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

ஓடிஎக்ஸ்2 மாற்றம் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. சில வேளைகளில், பாதிப்பு ஏதும் வெளித்தெரியாத பெற்றோரிடமிருந்தும் வரலாம். பெற்றோருள் ஒருவருக்கு இம்மாற்றம் இருப்பின், ஒவ்வொரு கருவுறுதலிலும் அது குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. இருவரின் இரத்தத்திலும் மாற்றம் இல்லையெனில் வாய்ப்பு குறைவு. ஆயினும் முற்றிலும் இல்லை எனக் கூற இயலாது. அடுத்த கருவுறுதலுக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நன்று.